தண்ணீர் படாத துடுப்பு

செத்துப்போனான் என்று ஊரே முடிவுகட்டி, கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிச் சிலுவையும் நட்டு, வருஷா வருஷம் மெழுகுவர்த்தியும் கொளுத்திவந்த ஒருவன், பட்டப்பகலில் தோளில் ஒரு மரக்கட்டையைச் சுமந்துகொண்டு கடற்கரையோரமாக நடந்து வந்தால் அவன் பெண்டாட்டி என்ன செய்வாள்? ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைப்பீர்கள். அந்தோணியம்மாள் மீன்கூடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குடிசைக்குள் ஓடிக் கதவைச் சாத்தி, உரலை நகர்த்தி அதற்கு முட்டுக்கொடுத்தாள்.

அவளைக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். சாந்தோம் குப்பத்திலிருந்து சைதாப்பேட்டைச் சந்தை வரை மீன் சுமந்து விற்கிறவள். ஓசி மீன் கேட்ட போலீஸ் சேவகனை நடுச்சந்தையில் நிற்கவைத்து, அவன் பாட்டன் பூட்டன் வரை விசாரித்து அனுப்பியவள். பேய், பிசாசு, கந்துவட்டிக்காரன் ஒன்றுக்கும் பயந்தவளல்ல. ஆனால் மரியசெல்வம் பேயாக வந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திராது. அவன் உயிரோடு வந்துவிட்டான்.

காரணம் இல்லாமல் இல்லை. எம்டன் கப்பல் குண்டு போட்ட மறுவருஷம் நடந்த கதை அது. மரியசெல்வமும் சூசை என்பவனும் ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். ஒரு சாயங்காலம் அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே கரையேறி, கள்ளைக் குடித்துவிட்டு, கிழிந்த வலைக்கு யார் பொறுப்பு என்று வாய்ச்சண்டை போட்டார்கள். மரியசெல்வம் கையிலிருந்த துடுப்பை ஓங்கினான். ஒரே அடி. சூசை பிறகு எழுந்திருக்கவே இல்லை. சைதாப்பேட்டை கோர்ட்டில் குப்பத்து ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: “நாங்க கடலப் பார்த்துக்கினு இருந்தோம், கரையப் பாக்கல தொரே.” மீன் எடுக்கக் கூடையோடு வந்துகொண்டிருந்த அந்தோணியம்மாள் மட்டும் வேதபுத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு, உள்ளதைச் சொன்னாள். “இவரு கையில துடுப்பு இருந்திச்சி. ஓங்கினாரு. சூசை உழுந்தாரு.” அந்த மூன்று வாக்கியம் செங்கல்பட்டுப் பெரிய கோர்ட்டு வரைக்கும் போய், மரியசெல்வத்துக்கு ஆயுசு பூராவும் அந்தமான் தீவாந்தரம் என்று முடிந்தது.

கட்டின புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் என்று குப்பம் அவளைக் கொஞ்ச நாள் கரித்துக்கொட்டியது. அவள் அதற்கெல்லாம் மசியவில்லை. ஆனால் கோர்ட்டுக் கூண்டிலிருந்து அவன் அவளைப் பார்த்த ஒரு பார்வை அவளோடேயே தங்கிவிட்டது. அதில் கோபம் இருந்ததா, வேறென்ன இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கோபம் என்று தெரிந்திருந்தால்கூட ஒருவாறு நிம்மதியாக இருந்திருப்பாள்.

சில வருஷம் கழித்து, அந்தமான் கப்பலில் கரி அள்ளிப்போட்ட ஒரு ஆள், சாந்தோம்காரன் ஒருவன் அங்கே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னான். பெயரை அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இவர்களும் துருவிக் கேட்கவில்லை. அடையாற்று நடுவே திட்டாக ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கோடையில் நடந்தே போகலாம், மழைத் தண்ணீர் ஏறினால் தோணி வேண்டும். அங்கே ஒரு மூலையில், உள்ளே ஆள் இல்லாத குழிமேட்டில் சிலுவை நட்டாயிற்று. நட்ட அன்று அந்தோணியம்மாள் அழுததென்னவோ நிஜம். ஆனால் திரும்பி வரும்போது பாரம் இறங்கினது போலவும் இருந்தது. அந்த நிம்மதிக்காக அவள் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக்கூடக் கேட்டாள்.

அப்படிப்பட்டவன்தான் இப்போது கதவுக்கு வெளியே நின்றான்.

“இன்னாமே, கதவத் தொற. நான்தான்.”

அவள் உரலை இன்னும் இறுக்கித் தள்ளினாள். கடைசியில் அவளுடைய அண்ணன் மிக்கேல் வந்துதான், “உசிரோட கீறாரு தங்கச்சி, தொட்டுப் பார்த்துட்டேன்!” என்று கத்தி, கதவைத் திறக்கவைத்தான்.

மரியசெல்வம் சொன்ன விவரம் இது. தீவில் ஒழுங்காக இருந்ததால் அவனைச் சிறையிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள். கொஞ்சம் நிலம், ஒரு குடிசை, ஒரு மாடு. பெண்டாட்டியை அழைத்துவந்து குடியும் குடித்தனமுமாக இருப்பவனுக்கு நிலம் நிலைக்கும். அதற்காகவே லீவு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் தலைகாட்ட வேண்டும். ஐப்பசி பிறந்ததும் கப்பல். அதற்கு முன்னால் பெண்டாட்டி சைதாப்பேட்டை சர்க்கார் கச்சேரியில் அதிகாரி முன்பு நின்று, சம்மதம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

“நீ சொன்னாத்தான்” என்றான் அவளைப் பார்த்து. அதே பார்வை.

அவள் போட்டுவிட்டு வந்த கூடை மீனைப் பொறுக்கப் போய்விட்டாள். அவனும் வற்புறுத்தவில்லை. குடிசைக்குள் படுக்க வரவும் இல்லை. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டான். சாட்சி சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், அடித்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அவன் சிரித்த முகமாகவே இருந்தான். சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொலைகாரன் கதை சொன்னால் கூட்டம் சேரும். சாயங்காலமானால் குப்பத்தில் பாதி, வலையைப் போட்டுவிட்டு அந்தப் படகடியில் வந்து உட்கார்ந்துவிடும். சூசையின் பெண்டாட்டி எப்போதோ கோவளத்துக்குத் தாய்வீட்டோடு போய்விட்டாள்; அதனால் முகம் சுளிக்கவும் ஆளில்லை.

“கப்பல்ல கால வச்சதுமே அவசரத்தக் கரையில எறக்கி வச்சிடணும்” என்று ஆரம்பிப்பான் மரியசெல்வம். “நாலு நாளைக்கித் தண்ணியத் தவிர ஒண்ணும் தெரியாது. பொழுது மெல்லமாப் போவும். அப்பால ஒரு நாள் விடியக்காலைல பார்த்தா, கடலு நடுவுல பச்சையா ஒரு மலை எழுந்து நிக்கும். தண்ணி நம்ம கடல் மாரி கலங்கல் கெடையாது நைனா. கழுத்தளவுல நின்னா கால் வெரலு தெரியும்.”

“மீனு?” என்பான் மிக்கேல்.

“மீனு கரைக்கி வந்து நம்மள வேடிக்க பார்த்துட்டுப் போவும். ஆனா ஒண்ணு. ரெண்டு நாளு இருந்துட்டு வர்றவனுக்கு அந்த எடத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. கொசுவும் அட்டையுந்தான் தெரியும். ஒரு மழக்காலம் பூரா உக்காந்து பார்க்கணும். மழ வுட்டப்புறம் காட்டுலேர்ந்து ஒரு வாசன வரும் பாரு, அப்பத்தான் ‘சரி, இருந்துட்டுப் போ’ன்னு அந்த மண்ணு நம்மகிட்ட சொல்லும். மொத ரெண்டு வருஷம் எப்படா சாவு வரும்னு கெடந்தவன் நான். இப்ப லீவு குடுத்து அனுப்பினா, இங்க நெலகொள்ளல. எப்படா போவோம்னு கீது.”

“ஏன் மச்சான், ஒரு கொல பண்ணாத்தான் அனுப்புவாங்களா? சும்மா கேட்டா அனுப்ப மாட்டாங்களா?” என்று மிக்கேல் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மரியசெல்வமும் சிரித்தான். குடிசை வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அந்தோணியம்மாள் மட்டும் செதிலுக்குப் பதிலாக விரலை அரிந்துகொண்டாள்.

“அங்க இன்னொரு விசேசம்” என்றான் மரியசெல்வம் இன்னொரு நாள். “பர்மாக்காரப் பொம்பளைங்க தனித்தனியாப் படகு வச்சிக்கினு, தாங்களே துடுப்பு வலிச்சிக்கினு, அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்ட்டு வர்றாங்க.”

குப்பம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்பிள்ளை கட்டுமரத்தைத் தாண்டக்கூடாது, துடுப்பைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த மரத்துக்கு மீன் படாது. இது ஞானஸ்நானம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். “பொம்பள துடுப்பத் தொட்டா மீனு அந்தப் பக்கம் தலவச்சிப் படுக்குமா?” என்றான் மிக்கேல். சிரிப்பில் அந்தப் பேச்சு அடிபட்டுப்போயிற்று. அந்தோணியம்மாளும் அதை அப்போதே மறந்துவிட்டாள்.

அவன் தீவைப் புகழப்புகழ அவளுக்குக் கிலி ஏறிற்று. மற்றவர்கள் காதில் பச்சை மலையும் பழமும் வாசனையும் விழுந்தன. அவள் காதில் வேறொன்று விழுந்தது. நான்கு பக்கமும் தண்ணீர். மாசத்துக்கு ஒரு கப்பல். இங்கே அவள் ஒரு கூச்சல் போட்டால் குப்பமே திரளும். அங்கே கத்தினால் யார் வருவார்கள், அந்த மலையா? அவசரமில்லாத இடம் என்கிறானே, பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவசரப்படாமல் எதையோ மனசில் வைத்துக் காத்தவனுக்கு அது தோதான இடம்தானே? அவசரம் அவசரமாக அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன் இந்த முறை நிதானமாகச் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் இராத்தூக்கம் எங்கிருந்து வரும்?

மிக்கேலிடம் சொல்லிப் பார்த்தாள். “அண்ணே, எனக்கு பயமா கீது. என்ன கூட்டிக்கினு போய் இன்னா பண்ணுவாருன்னு தெரியல.”

“இன்னா பண்ணுவாரு? மாட்டக் கறந்து பால் குடுப்பாரு. கூட சுமந்து சுமந்து தலை தேஞ்சிபோச்சி உனக்கு. போய் ராணி மாரி இருப்பியா, பயமாம் பயம்!” என்றான் அவன். அவனை அந்தத் தீவு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தங்கை போனால் பின்னாலேயே தானும் போய் ஒரு மழைக்காலம் உட்காரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தன்னுடைய கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான் மரியசெல்வம். யார் வாய்க்கொழுப்பால் அவனுக்குச் சொன்னார்களோ தெரியாது. மிக்கேலையும் சேர்த்து மூன்று பேரும் போனார்கள். ஆற்றில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. அவன் சிலுவைக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தான்.

“நல்ல எடமா பார்த்துத்தான் வச்சிக்கீறே” என்றான். பிறகு குழிமேட்டின் பக்கத்து மண்ணைக் காலால் நிரவிவிட்டு, “என் பக்கத்துல எடம் காலியா கீதே” என்றான்.

மிக்கேலுக்கு அது தமாஷாகப் பட்டது. அந்தோணியம்மாளுக்குப் படவில்லை. வீடு வந்து சேரும்வரை அவனுக்கு முன்னால் அவள் நடக்கவே இல்லை. பின்னாலேயே வந்தாள், அவன் கை இரண்டும் தெரியும்படியாக.

அதற்கு மறுநாள்தான் அவன் அந்த மரக்கட்டையை எடுத்தான். தீவிலிருந்து சுமந்து வந்த கட்டை. படாக்கு என்று பெயராம். உள்ளே ரத்தச் சிவப்பு. வாய்ச்சியால் செதுக்கினான், உளியால் இழைத்தான், கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். இரண்டே நாளில் அது என்ன என்று தெரிந்துபோயிற்று. துடுப்பு.

உலகத்தில் இவன் செய்வதற்கு வேறு சாமானே கிடைக்கவில்லையா? முன்பு அடித்த துடுப்பைச் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று செய்கிறான். அதுவும் கடலுக்குப் போகாதவன், கட்டுமரம் இல்லாதவன், இன்னும் சில நாளில் கப்பலேறப் போகிறவன். யாருக்கு?

கேட்டுவிடலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. தண்ணீர் படாத துடுப்பு யாருக்கு என்று கேட்கக்கூடாது, செய்கிறவன் சொல்லவும் கூடாது. கேட்டாலும் சொன்னாலும், அதைப் பிடிக்கிற கை கடலோடு போகும். குடிகாரன்கூட இந்த விஷயத்தில் வாய்தவறமாட்டான். மிக்கேல், உலகத்தில் எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிறவன், அந்தத் துடுப்பின் பக்கம் வந்தால் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனான்.

அரைகுறை மரம் வெயிலில் வெடித்துவிடும் என்று, வேலை செய்யாத நேரத்தில் அதைக் கோணியில் சுற்றி மணலில் புதைத்து வைத்தான் மரியசெல்வம். அந்தோணியம்மாள் அந்த மணல்மேட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். நீளமாக, ஆளைப் புதைத்தது மாதிரி மேடு. அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

கச்சேரிக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள். உச்சிவெயில். அவள் கருவாட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நிழல் விழுந்தது.

“கொஞ்சம் நிமிந்து நில்லுமே” என்றான்.

கையில் வலைக்கயிறு நாலு முழம் தொங்கிற்று. அவள் கருவாட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். நின்றாள். அவன் குனிந்து கயிற்றின் ஒரு நுனியை அவள் குதிகாலடியில் வைத்து, மறு நுனியை மோவாய் வரைக்கும் இழுத்தான். முடிச்சுப் போட்டான். பிறகு அவள் வலது கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, அந்தக் குறுக்களவையும் கயிற்றில் சுற்றிப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

குப்பத்தில் கயிற்றால் ஆளை அளப்பது ஒரே ஒரு ஆள்தான். சவப்பெட்டி செய்கிற ஆசாரி. அவன்கூட ஆள் செத்த பிறகுதான் அளப்பான்.

அன்று அவள் உலை வைக்கவில்லை. கோயிலுக்குள் போய் மாதா முன்னால் மண்டியிட்டவள், என்ன கேட்பது என்று தெரியாமல் ‘என்னக் காப்பாத்து, என்னக் காப்பாத்து’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சைதாப்பேட்டை. அதே மரத்தடி, அதே வராந்தா, அதே சிவப்புச் செங்கல் சுவர். அப்போது சாட்சி சொல்ல ஏறின அந்தப் படிகளையே இன்று மறுபடியும் ஏறினாள். டிப்டி கலெக்டர் மூக்குக்கண்ணாடி போட்ட, நிதானமான மனுஷர். மரியசெல்வத்தை ஒரு ஓரமாக நிற்கவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“பயப்படாம சொல்லும்மா. உன் இஷ்டப்பட்டுத்தான் இவரோட போறியா? யாராவது மிரட்டினாங்களா?”

“மிரட்டல தொரே.”

“அப்போ சம்மதமா?”

அவள் மரியசெல்வத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. அது வார்த்தையாக வெளியே வந்துவிட்டது.

“துடுப்பு செய்றாரு தொரே” என்றாள். “புதுசா. கடலுக்குப் போறவரு இல்ல, மரம் கெடையாது, ஆனாலும் துடுப்பு செய்றாரு. நேத்து கயித்தால என்ன அளந்து பார்த்தாரு. கல்லறையாண்ட நின்னு பக்கத்துல எடம் கீதுன்னு சொன்னாரு. நான் பார்த்ததத்தான் சொல்றேன். எனக்கு பயமா கீது. நான் போவல.”

டிப்டி கலெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இதுக்கு நீ என்ன சொல்றே?” என்று மரியசெல்வத்தைக் கேட்டார்.

அவன் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்து, மூடிக்கொண்டது. துடுப்பு இன்னும் தண்ணீர் பார்க்கவில்லை. மிக்கேல் வராந்தாவில் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டான்.

“அது சொல்றதுல பொய் இல்ல தொரே” என்றான் மரியசெல்வம் கடைசியில். “அன்னிக்கும் பொய் சொல்லல. அதுக்கு பொய் சொல்லத் தெரியாது. அதுக்காவத்தான் அத்தக் கூப்பிட வந்தேன். தீவுல நான் பார்த்தவங்க அத்தன பேரும், ‘நான் ஒண்ணும் பண்ணல’ன்னு சொல்றவங்கதான்.”

அவ்வளவுதான் பேச்சு. அவள் கைநாட்டு வைத்தாள். அவன் தனியாகவே திரும்புவது என்றும், கப்பல் வரைக்கும் போலீஸ் காவலில் இருப்பது என்றும் ஆயிற்று.

அடுத்த நாள் காலையில் ஒரு சேவகன் அவனைக் குப்பத்துக்கு அழைத்து வந்தான், துணிமூட்டையை எடுத்துக்கொள்வதற்காக. சேவகன் பீடி பற்றவைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தான். மரியசெல்வம் மணலைத் தோண்டித் துடுப்பை எடுத்தான். கண்ணாடிச் சில்லால் கடைசியாகக் கொஞ்சம் சுரண்டினான். அந்தோணியம்மாள் குடிசைக்குள்ளிருந்து கீற்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேவகன் கண்முன்னால்கூட அவன் ஓங்கிவிடுவான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் எழுந்து தண்ணீருக்குப் போனான். முழங்கால் அளவு அலையில் நின்று, துடுப்பை ஒரு முறை முழுக்கி எடுத்தான். ஈரம் சொட்டச்சொட்ட வந்து அதை அவள் கதவில் சாய்த்து வைத்தான். ஈரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் சிவந்து தெரிந்தது.

“தண்ணி பட்டுடிச்சி” என்றான் கதவைப் பார்த்து. “இப்ப சொல்லலாம். இது உன்னுது. ஒரு சின்னப் படகும் கட்டி வச்சிக்கீறேன் அங்க. தீவாச்சேன்னு உனக்கு பயம் இருக்கும்னு எனக்குத் தெரியும். எம்மேலயே பயம் இருக்கும்னும் தெரியும். பயம் வந்தா ஏறி, இந்தக் கரைய வுட்டு அந்தக் கரைக்குப் போய்டலாம். அங்க பொம்பளைங்க தொடலாம், தப்பு இல்ல.”

கதவு திறக்கவில்லை. சேவகன் பீடியை மிதித்து அணைத்தான். இரண்டு பேரும் வடக்கே பார்த்து நடந்து போனார்கள்.

ஆள் மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் கதவைத் திறந்தாள். துடுப்பைத் தொட இன்னும் பயம்தான்; ஆனால் இது வேறு பயம், பிறந்ததிலிருந்து சொல்லிக்கொடுத்த பயம். ஒரு விரலை வைத்தாள். பிறகு கையை வைத்தாள். குப்பத்து ஆம்பிளைகளின் துடுப்பு ஆளுக்கு மேலே ஒரு முழம் நிற்கும். இது அவள் மோவாய்க்குச் சரியாக நின்றது. பிடியில் விரல்களை மடக்கினாள். அவள் கை அளவுக்கு இழைத்திருந்தான், கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு சின்னக் குழி உட்பட. உலகத்தில் வேறு யார் கைக்கும் அது பொருந்தியிருக்காது.

அப்படியே வாசலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். கோர்ட்டில் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள், அன்றும் இன்றும். ஆனால் பெண்பிள்ளைக்கு ஒருவன் துடுப்பு செய்வான் என்று அவள் ஏழு ஜன்மத்திலும் நினைத்திருக்க முடியாது. அவளென்ன, அந்தக் கடற்கரையில் எந்தப் பெண்ணும் நினைத்திருக்க முடியாது.

மிக்கேல், அவனைக் காவலில் வைத்திருந்த துறைமுகத்துக்கு ஓடினான். அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. திரும்பி வந்து, தங்கையைத் திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் வலையைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினான்.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறிக் கல்லறைத் திட்டுக்குப் போகிற வழி முழுகிப்போயிற்று. மழை விட்ட ஒரு காலையில் அந்தோணியம்மாள் அந்தத் துடுப்பை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். அங்கே மிக்கேலின் சின்னத் தோணி கட்டிக் கிடந்தது. அவள் அதில் கால் வைத்ததும் கரையில் இருந்தவர்கள் அலறினார்கள்.

“ஏய், இன்னா பண்றே? உனக்கு கிறுக்கு புட்ச்சிக்கிச்சா?”

அவள் காதில் வாங்கவில்லை. தோணி முதலில் தட்டாமாலை சுற்றியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தது. ஆறு சும்மாயில்லை, முகத்துவாரத்துப் பக்கம் இழுத்தது. ஆனால் துடுப்பை வலிக்க வலிக்க ஒன்று தெரிந்தது. பயம் பாட்டுக்கு இருந்தது, கை பாட்டுக்கு வலித்தது. ஒன்றை ஒன்று தடுக்கவில்லை.

திட்டில் ஏறி, அவன் பெயர் எழுதின சிலுவையைப் பிடுங்கினாள். ஈர மண்ணில் அது சுலபமாக வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு அது எதற்கு? பக்கத்தில் அவன் காலால் நிரவின இடத்தில் புல் முளைத்திருந்தது. செத்த பிறகாவது பக்கத்தில் இருக்கலாமா என்றுதான் அன்றைக்குக் கேட்டிருக்கிறான் என்று இப்போது விளங்கிற்று. சிலுவையைத் தோணியில் படுக்கவைத்து, திரும்பவும் அவளே வலித்துக்கொண்டு கரை சேர்ந்தாள். கரையில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தோணியிலிருந்து இறங்கினவள் வீட்டுக்குப் போகவில்லை. சிலுவையைக் கரைக்கு ஓடிவந்திருந்த அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நனைந்த புடவையோடு, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு சைதாப்பேட்டைக்கு நடந்தாள். கச்சேரி வாசலில் சேவகன் மறித்தான். துடுப்போடு உள்ளே போகக்கூடாதாம். அவள் சந்தையில் பேசுகிற குரலில் நாலு வார்த்தை பேசியதும் டிப்டி கலெக்டரே வெளியே எட்டிப் பார்த்து, விடச்சொன்னார்.

“தொரே, அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் நெசம்” என்றாள். “ஆனா பாதிதான் பார்த்திருந்தேன். மீதிய இப்ப பார்த்துட்டேன். நான் போறேன்.”

“கப்பல் முந்தாநாளே போயிடுச்சேம்மா. அடுத்தது வர இன்னும் ஒரு மாசமாகும்.”

“ஆவட்டும். அங்க போறதுக்கு அவசரம் கூடாதாம்.”

அவர் அவளையும், அந்தச் சிவப்புத் துடுப்பையும், அதன் பிடியில் இறுகியிருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பயம் போயிடுச்சா?”

“எங்க போவும்? கீது” என்றாள் அந்தோணியம்மாள். “பயமும் கீது. துடுப்பும் கீது. எழுதிக்கோ தொரே.”